கீழ்ப்போக்கில் தடை இல்லை

பொறாமை என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒன்றரை வருஷம் அதற்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைந்திருக்கிறேன். அது காதுக்கு மேல் பென்சிலைச் செருகிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ட்ரேசிங் பேப்பரில் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். நான் ரப்பரால் அழித்துக்கொண்டிருப்பேன். நான் அழித்த இடத்தில் பேப்பர் நைந்து ஓட்டை விழும். அவள் படத்தில் ஒரு கறை இருக்காது.

அவள் எங்கள் ஊர்க்காரி. அதுதான் விஷயமே. வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். எங்கள் வயலில் நாற்றுப் பறித்து நட்ட அம்மாவின் மகள், தஞ்சாவூரில் என்னோடு ஒரே பாலிடெக்னிக்கில் படித்து, என்னைவிட அதிக மார்க் வாங்கி, நான் சேர்ந்த அதே ஆபீசில் அதே நாளில் வந்து சேர்ந்தாள். முதல் நாள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் என் பெயருக்கு மேலே இருந்தது. அகர வரிசைதான் காரணம். இருந்தாலும் எனக்கு எரிந்தது.

வல்லத்துக்கு மேற்கே செம்மண் மேட்டில் ஒரு களிமண் சுரங்கம் அப்போது இருந்தது. சுரங்கம் என்றதும் பூமிக்குள் குகை, தலையில் விளக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மேல் மண்ணைச் சீவித் தள்ளிவிட்டு, அடியில் இருக்கும் வெள்ளைக் களிமண்ணைப் படி படியாக வெட்டி எடுப்பார்கள். இரண்டு தென்னை ஆழத்துக்குத் திறந்த பள்ளம். அந்த மண் லாரி லாரியாகப் பீங்கான் பட்டறைகளுக்குப் போகும். சின்ன கம்பெனி. பள்ளிக்கூடங்களில் சத்துணவு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கம்பெனிக்கு ஆசை. எங்கள் இரண்டு பேரையும் வரைபடப் பிரிவில் பயிற்சிக்கு எடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் ஒருத்திக்குத்தான் நிரந்தர வேலை என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள்.

நான் அவளை வா, போ என்பேன். அவள் என்னை வாங்க, போங்க என்பாள். எங்களுக்கு ஒரே வயது. ஆபீசில் அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அப்போது உறுத்தவில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் அந்தச் செம்மண் மேட்டுக்குக் கிழக்கே, புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய்க்குக் கீழே, நெல் வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு ஆற்றிலிருந்து வரும் பாசன வாய்க்கால். வயலில் பாய்ந்து மிச்சமான தண்ணீரெல்லாம் போய் விழுகிற வடிகால் ஊரின் கிழக்கே ஓடுகிறது. அந்த வடிகாலுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், அவள் தெரு. எங்களுக்கு வருகிற தண்ணீர் தெரியும். அவர்களுக்குப் போகிற தண்ணீர் தெரியும். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு சுரங்கம் தேவைப்பட்டது.

எங்கள் வயலில் கடைசி மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர், கொஞ்சம் மேடு. வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் அதுவரை ஏறாது. அதனால் ஆவணிக் கடைசியில் என் அப்பா வடிகாலுக்குக் குறுக்கே கொறம்பு போடுவார். மூங்கில் முளை அடித்து, தென்னை மட்டையும் காட்டாமணக்கும் வைத்துக் களிமண் அப்பி ஓர் அணை. வடிகால் தண்ணீர் தேங்கி உயர்ந்து எங்கள் மூன்று மாவுக்கும் ஏறிவிடும்; மழை கொட்டாதவரை அவள் தெருப்பக்கக் கரை அதைத் தாங்கும். போடுகிறவர்கள் அவள் தெரு ஆட்கள்தான். ஆனால் அதை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவது அவர்கள் கையில் இல்லை. யார் வயலுக்காகக் கொறம்பு போட்டதோ அவர் வந்து முதல் மண்வெட்டி போட வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. இது ஊர்க் கட்டுப்பாடு. எந்தக் காகிதத்திலும் இல்லை.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது ஓர் ஐப்பசியில் அந்தக் கட்டுப்பாட்டை மீறினார்கள். அந்த வருஷமே கூலிச் சண்டை. வரப்பில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அப்பா வெளியூர் ஆளைக் கூட்டிவந்து நடவு முடித்திருந்தார். மனைப் பட்டா வேறு வந்துவிட்டது, இனி நம்ம பேச்சை எவன் கேட்கப் போகிறான் என்று வீட்டில் ஒரே புலம்பல். அப்படிப்பட்ட நேரத்தில் மழை கொட்டியது. கொறம்பில் தண்ணீர் எதிர்த்து அவர்கள் தெருவில் ஏறியது. வெட்டச் சொல்லி வந்து கேட்டார்கள். அப்பா, பார்க்கலாம் என்றார். அவள் அப்பா போய் வெட்டிவிட்டார். அப்பா போலீசில் எழுதிக் கொடுத்தார். அவள் அப்பாவை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கம் வந்ததில்லை. அவளுக்கும் அப்போது பதினோரு வயது.

இனி சுரங்கத்துக்கு வருகிறேன். நாங்கள் சேர்ந்த முதல் வருஷ மழையில் பள்ளம் ஏரியாகிவிட்டது. மேட்டில் பெய்த மழையெல்லாம் செங்குழம்பாக ஓடிவந்து வெள்ளைக் களிமண்ணில் விழுந்தது. ஒரு மாதம் வேலை நின்றது. பம்பு வைத்து இறைத்து இறைத்து ஓய்ந்தார்கள். அடுத்த ஆடியில் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சேலத்துக்காரர், சிரித்த முகம், ஆனால் ஆளை எடை போடுவதில் கெட்டி. பள்ளத்துக்கு மேற்புறம் ஒரு சுற்று வாய்க்கால் வெட்டி, மழைத் தண்ணீர் பள்ளத்தில் விழும் முன்னே பிடித்து, பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் விட்டுவிட வேண்டும். ஆளுக்கொரு திட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள், நன்றாக இருப்பதை வெட்டுவோம் என்றார். யார் வாய்க்கால் வெட்டப்படுகிறதோ அவளுக்குத்தான் வேலை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

நான் துள்ளிக் குதித்தேன். வாய்க்கால்தானே? வாய்க்கால் கரையில் பிறந்தவளிடமா வாய்க்கால் கேட்கிறீர்கள் என்று மனசுக்குள் ஒரு திமிர். பத்து நாள் லெவல் கருவியை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். மேட்டின் விளிம்பை ஒட்டி, ஒரே மட்டமாக, இரண்டாயிரம் அடிக்கு ஓர் அடி சரியும் வாட்டம் கொடுத்து, வளைந்து வளைந்து போகிற ஒரு வாய்க்கால் வரைந்தேன். பார்க்க அவ்வளவு அழகு. எங்கள் ஊர் பாசன வாய்க்காலைத் தூக்கிக் கொண்டுவந்து மேட்டில் வைத்த மாதிரி இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மேனேஜர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா, இதுல நெல்லு நடப் போறீங்களா?" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கீழே இறங்கிவிடாமல், பொத்திப் பொத்திக் கொண்டுபோகிற வாய்க்காலை நான் வரைந்திருந்தேன். தண்ணீரை மேட்டிலேயே நடத்திக் கடைசி வயல் வரை சேர்ப்பது எங்கள் வீட்டு வித்தை. செம்மண் கலந்து வரும் வெள்ளத்துக்கு அந்த வாட்டம் போதாது. ஒரே மழையில் மண் படிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும், கரை உடைந்து மொத்தமும் பள்ளத்தில்தான் விழும். இரண்டே நிமிஷத்தில் அவர் அதை விளக்கிவிட்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

அவள் தன் படத்தை விரித்தாள். அது வாய்க்காலே இல்லை, வடிகால். அகலமாக, நல்ல சரிவாக, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தண்ணீரை இறக்கிவிடுகிற வடிகால். வேகத்தில் மண் அரிக்காமல் இருக்க இடையிடையே கருங்கல் படிகள். படிக்குப் படி தண்ணீர் விழுந்து வேகம் தணிந்து போகும். ஓடையில் சேரும் முன்னால் ஒரு பெரிய வண்டல் குழி. செம்மண் அங்கே தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் மேலே வழிந்து போகும். மேனேஜர் ஒவ்வொரு படியாக விரலை வைத்துக்கொண்டே போனார். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டார்.

"எங்க தெருவுக்குத் தண்ணி வந்தா அது எப்பவும் வேண்டாத தண்ணிதாங்க சார்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் அந்த அறையில் இருக்கிறேன் என்பதற்காகச் சொன்னாளா, அவருக்குச் சொன்னாளா தெரியாது. நான் எனக்குத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆபீசில் அவள் ராஜ்ஜியம். வாய்க்கால் வெட்டும் இடத்துக்குப் போய்வர அவளுக்கு ஒரு ஜோடி கம்பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். கறுப்பு ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரை. ஒரே ஒரு ஜோடி. அவள் இல்லாத நேரத்தில் அதில் என் காலை விட்டுப் பார்த்தேன். எனக்குப் பத்தவில்லை. ஒரு ரப்பர் பூட்ஸுக்காகப் பாத்ரூமில் போய் அழுத பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சேற்றில் கால் வைக்காமலே வளர்ந்த எனக்கு அது எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் கடித்திருப்பேன்.

டீ கொண்டுவருகிறவர் முதலில் அவளுக்கு வைத்தார். கான்ட்ராக்டர் அவளிடம் வந்து, மேடம் இந்தப் படி எத்தனை அடி என்று கேட்டார். மேடமாம். நான் வல்லத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தேன், அவள் தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோவாள்; ஹாஸ்டலில் வார நாளெல்லாம் நான் அவளைப் பற்றியே நினைத்தேன். காதலிக்கிறவர்கள்கூட அவ்வளவு நினைக்க மாட்டார்கள். அவள் நடை, அவள் கையெழுத்து, டிபன் பாக்ஸில் அவள் கொண்டுவரும் கருவாட்டு வாசனை எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தேன். படத்தில் மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்புறம் கடவுளே கொண்டுவந்து கொடுத்த மாதிரி மேனேஜர் அந்தப் படத்தைச் சரிபார்க்கும் வேலையை என்னிடம் தந்தார். படத்தின் வலது கீழ் மூலையில் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். நடுக் கட்டம் என்னுடையது. மழை விழும் பரப்பு, வாட்டம், படியின் உயரம் எல்லாவற்றையும் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு தப்பு வேண்டுமே, ஒரே ஒரு தப்பு. கிடைக்கவில்லை. நாலாவது நாள் படத்தின் கடைசி முனைக்கு வந்தேன். வண்டல் குழிக்குப் பிறகு ஓடை. ஓடை கிழக்கே இறங்கி, புது ஆற்றுக்கு அடியில் இருக்கிற மதகில் புகுந்து வெளியே வருகிறது. வெளியே வந்ததும் அதற்குப் பெயர் எங்கள் ஊர் வடிகால்.

அந்த வடிகாலில் அவள் கொறம்பைக் குறிக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுவரை மேட்டில் பெய்த மழை பல ஓடைகளாகப் பிரிந்து, பாதி பள்ளத்தில் விழுந்து, பாதி மண்ணில் ஊறித்தான் எங்கள் வடிகாலுக்கு வரும். இனி மொத்தமும் ஒரே வாய்க்காலில், ஒரே வேகத்தில் வரப்போகிறது. ஐப்பசியில் கொறம்பு இருந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. எதிர்த்து ஏறும். எங்கே ஏறும் என்று எனக்குத் தெரியும். முதலில் அவள் தெருவில்தான் ஏறும். அவள் வீடு தெருவின் தலைமாட்டில், வடிகாலை ஒட்டி. ஊருக்குள் வெள்ளம் புகுந்தால் சும்மா விடுவார்களா? அவள் வாய்க்காலால்தான் புகுந்தது என்று அவள் ஊரே சொல்லும். கம்பெனி அவளை வைத்திருக்காது.

இதையெல்லாம் நான் ஏதோ வேகத்தில், யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. நிதானமாக யோசித்தேன். அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். ரசம் இரண்டாம் தடவை வாங்கினேன்.

மறுநாள் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, படத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். ஓடை முனையில் விரலை வைத்தார்.

"இது உங்க ஊர் வழியாத்தானே போகுது? கீழ வடிகால்ல ஏதாவது அடைப்பு, தடை, எதுவும் இருக்கா?"

கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. பஸ் வருகிறதா என்று பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. நான் அந்தப் பார்வையைத் தப்பாகப் படித்தேன். பாவம், இவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, என்னிடம் உதவி தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் இல்லைங்க சார்," என்றேன்.

அதை எழுதிவிடுங்கள் என்றார். படத்தின் ஓரத்தில், குறிப்பு எழுதுகிற இடத்தில், 'கீழ்ப்போக்கில் தடை இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். கீழே சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு மட்டும் என் கையெழுத்து முத்து முத்தாக வந்தது. அவள் எழுந்து படத்துக்கு நகல், அம்மோனியா பிரிண்ட், எடுக்கப் போய்விட்டாள்.

புரட்டாசி முடிவதற்குள் வாய்க்காலை வெட்டி முடித்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குப் போகும்போது வடிகால் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கொறம்பைத்தான் பார்ப்பேன். அது ஜம்மென்று நின்றது. அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உடனே செய்திருப்பார். அவருக்கு ஊரில் யார் பேச்சும் ஆகாது, என் பேச்சு ஒன்றுதான் வேதம். பொண்ணு இன்ஜினியர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி இரண்டாம் வாரம் ரேடியோவில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். செவ்வாய்க்கிழமை அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனாள். புதன்கிழமை விடிந்ததிலிருந்து பிடித்துக்கொண்டது. வானம் பொத்துக்கொண்ட மாதிரி மழை. பத்து மணிக்கு மேனேஜர் எல்லோரையும் குடையோடு மேட்டுக்குக் கூட்டிப் போனார். அவள் பூட்ஸ் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வாய்க்கால் பிரமாதமாக வேலை செய்தது. மேட்டிலிருந்து செந்தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. முதல் படியில் விழுந்து அடங்கியது. இரண்டாம் படியில் இன்னும் அடங்கியது. வண்டல் குழியில் போய்ச் சுற்றிச் சுற்றி மண்ணை இறக்கிவிட்டு ஓடையில் நிதானமாக இறங்கியது. பள்ளத்தில் மேலிருந்து விழுந்த மழையைத் தவிர ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக இல்லை. மேனேஜர் கைதட்டினார். ஆட்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டிக்கொண்டே அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். எவ்வளவு தண்ணீர், அம்மாடி! காகிதத்தில் அது ஓர் எண். நேரில் அது யானைக் கூட்டம் மாதிரி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம். அவள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் நினைத்தேன். நடக்க முடியாத கிழவர் ஒருவர் இருந்தார். அந்த வாரம்தான் பிள்ளை பெற்றிருந்த ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா இருந்தாள். எனக்குச் சின்ன வயதில் வயலிலிருந்து நாவல்பழம் கொண்டுவந்து கொடுத்தவள். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை என்பார்கள். நான் அறுக்கப் பார்த்தது என் மூக்குகூட இல்லை.

தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பஸ்ஸில் நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் போனேன், ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று. ஆனால் அடிமனசில் ஒரு மூலையில், தண்ணீர் அவள் வீட்டு வாசல் வரையாவது வந்திருக்கட்டும் என்று இன்னொருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள். அவளும் நான்தான்.

பாலத்தில் இறங்கினேன். வடிகால் கரை புரள ஓடியது. கரை புரள, ஆனால் கரைக்குள். கொறம்பு இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் நாலைந்து மூங்கில் முளை மட்டும் நட்டுக்கொண்டு நின்றது. நடுவில் தண்ணீர் தங்கு தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையில் என் அப்பா, தலையில் கோணிச் சாக்கு, கையில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியாம்மா? நீ சொல்லிவிட்டபடி நேத்தே வெட்டிட்டேன், பாரு."

யார் சொல்லிவிட்டபடி என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவரே கொட்டினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆள் வந்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். உங்கள் பொண்ணுதான் என்னை அனுப்பினார்கள், மேட்டுத் தண்ணீர் மொத்தமும் இனி ஒரே வழியாக வரப்போகிறது, அவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை, அப்பா கையால் முதல் வெட்டு வெட்டிவிடச் சொன்னார்கள் என்றாளாம். அப்பா அந்த நிமிஷமே மண்வெட்டியை எடுத்திருக்கிறார். எங்கள் தெருவில் ஒருவர், இப்பவே வெட்டினால் மூன்று மாவும் காயுமே என்றதற்கு, என் பொண்ணு படித்துவிட்டுச் சொல்கிறாள், உனக்கென்ன தெரியும் என்று கத்தினாராம்.

வடிகாலுக்கு அந்தப் பக்கம் அவள் தெரு மொத்தமும் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் கூப்பினாள். "நல்லா இருப்ப பாப்பா," என்று இரைச்சலுக்கு மேல் கத்தினாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

சாயங்காலப் பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். நான் பாலத்திலேயே நின்றிருந்தேன். மழை தூறலாகிவிட்டது. அவள் பூட்ஸைக் கழற்றிப் பையில் வைத்திருந்தாள், வெறுங்காலோடு வந்தாள்.

"எதுக்கு என் பேரைச் சொன்ன?" என்று கேட்டேன். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"உங்களுக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க," என்றாள். "நான் கேட்டா உங்கப்பா வெட்டமாட்டாரு. நாங்களே வெட்டினா எங்கப்பாவுக்கு ஆனதுதான் ஆகும். நீங்க சொன்னா வெட்டுவாரு. அதனால சொன்னேன்."

"அன்னைக்கு மேனேஜர் கேட்டப்பவே நீ சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். நான் சொன்னா அது உங்கப்பா மேல புகாரு. நீங்க சொன்னா அது வெறும் தகவல்." பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "உங்க வாயால வருதான்னு பார்த்தேன். வரல. சரி, அதையும் கணக்குல சேத்துக்கிட்டுத்தான் வேலை செய்யணும்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை அவள் திட்டியிருந்தால் நானும் நாலு திட்டி, இரண்டு பேரும் சரிசமமாகப் பிரிந்து போயிருப்போம். அவள் பாலத்தைத் தாண்டி வலது பக்கம் இறங்கினாள். நான் இடது பக்கம் இறங்கினேன்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது, கேட்கவா வேண்டும்? நான் அந்தத் தையில் கல்யாணமாகிப் போய்விட்டேன். அதனால்தான் வேலையை விட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். போகும் முன் ஒரு நாள் அலமாரியில் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். என் குறிப்புக்குக் கீழே அவள் எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: வருஷா வருஷம் ஐப்பசி பிறக்கும் முன் கீழ் வடிகாலைப் போய்ப் பார்த்துவிட வேண்டும். என் வரியை அவள் அடிக்கவில்லை. மேனேஜரிடமும் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் கொடுத்த கல்யாணப் பரிசைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பொறாமைப்பட்டவளை ஒரேயடியாகக் கொல்ல அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

அந்தச் சுரங்கம் பிற்பாடு மூடிவிட்டது. அவள் படிப்படியாக ஏறி, வெளி மாநிலங்களில் பெரிய பெரிய சுரங்கங்களுக்கு வெள்ளத் தடுப்பு வேலை செய்தாள் என்று கேள்விப்பட்டேன். ஒவ்வொரு தடவை கேள்விப்படும்போதும் எனக்கு ஒரு நாள் தூக்கம் கெடும். அப்பா அதற்குப் பிறகு கொறம்பே போடவில்லை. மூன்று மாவிலும் உளுந்து போட்டார். அந்தக் கதையைச் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. என் மாமியார் வீட்டார், என் பிள்ளைகள், மருந்து கொடுக்க வந்த நர்ஸ் எல்லோரிடமும் சொன்னார். என் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள், நான் அந்தப் பகையையெல்லாம் மறந்து போய் வெட்டினேன், ஒரு தெரு பிழைத்தது என்பார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அவர் போன பதினாறாம் நாள் கருமாதிக்கு வடிகாலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முப்பது பேராவது வந்தார்கள். அப்பா காலத்தில் அப்படி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவள் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். தலை பாதி நரைத்திருந்தது; காதுக்கு மேல் பென்சில் இல்லை. என் பிள்ளைகள், என் வீட்டுக்காரர், சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவள் அம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தப் பாப்பா சொல்லித்தான் அய்யா அன்னைக்கு வெட்டுனாரு. இல்லேன்னா எங்க தெருவே இருந்திருக்காது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மகள் பெருமையாகப் பார்த்தாள். அவளும் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் மேனேஜர் மேஜை முன்னால் பார்த்த அதே பார்வை, பஸ் வருகிறதா என்று பார்க்கிற பார்வை. அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். இல்லை, நான் சொல்லவில்லை, உங்கள் மகள்தான் சொன்னாள் என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அப்பாவும் இல்லை இனி கேட்டு வருத்தப்பட.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாம்மா, சாப்பிடலாம்," என்று அவள் தன் அம்மாவை இலைப் பக்கம் கூட்டிப் போனாள். நான் பரிமாறப் போனேன்.